ஒன்பது கிராம் பீன்ஸ்

என் மகளுக்கு மத்தியானச் சாப்பாட்டில் ஒன்பது கிராம் பீன்ஸ். பத்து கிடையாது, எட்டரையும் கிடையாது. ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் இதைச் சொன்னபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆரியசாலையில் மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள் நான். ஒன்பது கிராம் என்பது எங்கள் கடையில் சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுகிற அளவு. அந்த மலையாளப் பெண் சிரிக்கவில்லை. "சேச்சி, இது மருந்தாணு," என்று சொல்லி, மருந்துச் சீட்டு மாதிரியே ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். அதில் மருந்து என்று எதுவுமே இல்லை. முட்டை, வெண்ணெய், தேங்காயெண்ணெய், பீன்ஸ், காரட், அரை முந்திரிப்பருப்பு என்று எழுதி, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கிராம் போட்டிருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. காலையில் எழுந்து வெறும் வயிற்றோடு இருக்கும்போது திடீரென்று கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். கூப்பிட்டால் கேட்காது. கழுத்து தொங்கிப்போகும். சில நாள் முழு வலிப்பே வந்து கையும் காலும் வெட்டி இழுக்கும். வந்து போன பிறகு, ஓடுகிற பஸ்ஸுக்குள் நடப்பதைப் போலத் தள்ளாடித் தள்ளாடி நடப்பாள். ஒரு மருந்து கொடுத்தார்கள், அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மூன்றாவதில் தூக்கம்தான் வந்தது, வலிப்பு போகவில்லை. கடைசியில் ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வருவதற்குள் எங்கள் இரண்டு குடும்பமும் போட்ட சண்டை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. யார் பக்கத்துச் சீக்கு என்பதுதான் சண்டை. என் கணவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. அங்கிருந்து தினமும் போன். எங்கள் சித்தப்பா ஒருவர் சின்ன வயதில் ஒரு தடவை மயங்கி விழுந்ததை எங்கிருந்தோ தோண்டி எடுத்தார்கள். நான் சும்மா இருப்பேனா? அவர்கள் வீட்டுப் பெரியப்பா ஒருவர் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு சரிந்ததை நான் எடுத்துவிட்டேன். ரிப்போர்ட் வந்தது. அம்மாவிடமிருந்து வந்ததும் இல்லை, அப்பாவிடமிருந்து வந்ததும் இல்லை, குழந்தையிடத்திலேயே புதிதாக உண்டான மாற்றம் என்று அதில் இருந்தது. இரண்டு வீட்டாருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை சண்டையும் வீணாகப் போயிற்றே என்று எனக்குமே கொஞ்சம் வருத்தம்தான்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். மூளைக்குச் சாப்பாடு சர்க்கரை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் சர்க்கரையைக் கொண்டுபோகிற வாசல்களில் பாதி இவளுக்கு வேலை செய்யவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இருக்கும், மூளை மட்டும் பட்டினி கிடக்கும். அதனால்தான் வலிப்பு, அதனால்தான் தள்ளாட்டம், பேச்சும் பின்தங்குகிறது. மாவுச்சத்தை அடியோடு குறைத்துக் கொழுப்பை நிறையக் கொடுத்தால், ஈரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்று ஒன்றைச் செய்யும். அது வேறு வாசல் வழியாக மூளைக்குள் போய்ச் சேரும். "மூணு மாசம் பார்ப்போம். கீட்டோன் விழாம நிக்கணும். இந்த நோய்க்கு இதை விட்டா நல்ல வழி வேற எங்க கையில இல்ல. மூளை வளர்ற வயசு. பட்டினி கிடக்கிற நாள் திரும்பி வராது," என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். அப்பா தினமும் சாயங்காலம் கடையிலிருந்து பேத்தியைப் பார்க்க வருவார். அவளை மடியில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "நம்ம சாலைக் கடைத்தெருவுக்குள்ள பகல்ல லாரி வராதுல்லா மக்களே? பின்ன சரக்கு எப்பிடி வருது? சந்து வழியா உந்துவண்டியில வருது. அவ்வளவுதான் காரியம். லாரி சர்க்கரை, உந்துவண்டி எண்ணெ." டாக்டர் அரை மணி நேரம் படம் வரைந்து சொன்னதை அப்பா ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். மடியில் உட்கார்ந்திருந்த என் மகள், "உந்துவண்டி ஹாரன் அடிக்குமா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் அவர்களே அளந்து கொடுத்துப் பழக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் மாதம் முழுக்க அளந்தது என் கணவர். அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். புள்ளிக்கு அப்புறம் ஓர் எண் காட்டுகிற குட்டித் தராசு ஒன்றை வாங்கி, அடுப்படியில் அதற்கென்று ஒரு பலகையும் போட்டார். கிண்ணத்தை வைப்பார், பூஜ்யம் ஆக்குவார், பீன்ஸைப் போடுவார். ஒன்பது புள்ளி இரண்டு என்று காட்டினால் ஒரு துண்டை எடுப்பார். எட்டு புள்ளி எட்டு ஆகும். உடனே அந்தத் துண்டைப் பாதியாக வெட்ட வேண்டும். கத்தியில் சரியாக வரவில்லை என்று ஒரு நாள் நகவெட்டியை டெட்டால் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். நகவெட்டியால் பீன்ஸ் வெட்டுகிற ஆம்பிளையைக் கட்டிக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அளந்ததும் தராசின் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து டயட்டீஷியனுக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். சாப்பிட்ட பிறகு கிண்ணத்தில் ஒட்டியிருக்கிற எண்ணெயையும் வழித்துக் கொடுக்க வேண்டும், அதுவும் கணக்கில் சேர்த்தி. தினமும் காலையில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கீட்டோன் பார்க்க வேண்டும். மூன்றுக்கு மேலே நிற்க வேண்டும் என்பது டயட்டீஷியனின் உத்தரவு. மூன்றாவது வாரம் அந்த எண் மூன்றைத் தாண்டி நாலுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

ஒரு நாள் காலையில் அவள் எழுந்து வந்து, "அம்மா, நேத்து மழ பெய்தப்போ மாடியில கிடந்த துணியெல்லாம் எடுத்தியா?" என்று கேட்டாள். மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாத பிள்ளை. கண் தெளிவாக இருந்தது, வெறும் வயிறு, கழுத்து நேராக நின்றது. நான் கரண்டியும் கையுமாக நின்று அழுதேன். துணி என்னவோ நனைந்துதான் கிடந்தது.

எங்கள் தெருவில் பிள்ளைகள் சாயங்காலம் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவார்கள். ஒற்றைக் காலில் நொண்டி எட்டாம் கட்டம் வரை போக வேண்டும். இவளால் ஒற்றைக் காலில் நிற்கவே முடியாது என்பதால் எப்போதும் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மாதக் கடைசியில் எழுந்து போய் நாலு கட்டம் நொண்டினாள். நாலு! தெருப்பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். நான் அன்றைக்கே போன் போட்டுத் திருநெல்வேலி வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் நான் அடுப்படியைக் கைப்பற்றினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். காலைச் சாப்பாட்டை அளந்து முடிக்க என் கணவருக்கு நாற்பது நிமிஷம். பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் தாமதம், இவருக்கும் ஆபீஸ் தாமதம். ஒரு நாள் நகவெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "தராசுக்குப் பொறந்தவ நான். தள்ளுங்க அங்கிட்டு," என்றேன்.

"ஏட்டி, இது உங்க அப்பா கட இல்ல. பாத்துச் செய்யி," என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

சும்மா சொன்ன பெருமை இல்லை. பள்ளிக்கூட லீவில் எல்லாம் எங்கள் கடைச் சில்லறைத் தராசில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். கைப்பிடி மிளகை அள்ளி எத்தனை கிராம் என்று தராசில் வைக்காமலே சொல்லுவேன். அதனால் எனக்கு எட்டு நிமிஷம்தான் ஆயிற்று. ஒன்பது என்றால் ஒன்பது புள்ளி பூஜ்யம். போட்டோ எடுத்து அனுப்பினால் டயட்டீஷியனிடமிருந்து உடனே கட்டைவிரல் வரும். அந்தக் கட்டைவிரலை எல்லாம் இவர் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டுவேன்.

இரண்டு வாரம் போயிற்று. கீட்டோன் மூன்றுக்குக் கீழே இறங்கியது. மீட்டரில் கோளாறு என்றேன். அப்புறம் இரண்டு ஆயிற்று. ஒரு நாள் காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கண் குத்திட்டுக் கழுத்து சரிந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் பாண்டி ஆடப் போனவள் இரண்டாம் கட்டத்திலேயே விழுந்தாள். அழவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, பழைய இடத்தில் வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

எண் இறங்குகிறது என்றால் எங்கிருந்தோ சர்க்கரை உள்ளே போகிறது. நான் அளப்பதில் தப்பு இருக்க முடியாது, போட்டோவே சாட்சி. அப்படியானால் யாரோ என் பிள்ளைக்கு ஒளித்து எதையோ கொடுக்கிறார்கள். இப்படி முடிவு கட்டியதும் எனக்குள் இருந்த போலீஸ்காரி கிளம்பிவிட்டாள். முதலில் பற்பசையைப் பிடித்தேன், மாற்றினேன். எண் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரின் மேசை இழுப்பறையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். டீச்சர் திறந்தே காட்டினார். இரண்டு சாக்பீஸும் ஒரு தலைவலித் தைலமும் இருந்தன.

அடுத்தது ஆட்டோ மாமன். தெருப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற மலையாளி. அவர் ஆட்டோவில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு மிட்டாய் டப்பா இருக்கும். இறங்குகிற பிள்ளைக்கெல்லாம் ஒன்று கொடுப்பார். நடுத்தெருவில் ஆட்டோவை மறித்து, எனக்குத் தெரிந்த மலையாளம் பூராவையும் அன்று செலவழித்தேன். அவர் வெலவெலத்துப்போய், "சேச்சி, மோள்க்கு ஞான் ஸ்டிக்கரல்லே கொடுக்கறது?" என்றார். மகளின் பையைத் திறந்து பார்த்தால் டிபன் பாக்ஸ் மூடி முழுக்க ஸ்டிக்கர். பட்டாம்பூச்சி, யானை, ரயில். மிட்டாய் கூடாது என்று தெரிந்து இவளுக்கென்று தனியாக வாங்கி வைத்திருக்கிறார் மனுஷர். நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அந்த ஸ்டிக்கரின் பசையில் சர்க்கரை இருக்குமோ என்று டயட்டீஷியனுக்கு மெசேஜ் போட்டேன்.

மிச்சம் இருந்தது அப்பாதான். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஏதோ கலகலக்கும். அன்று சாயங்காலம் அவர் பேத்தியைத் தூக்கப்போகும்போது, நான் நேரே போய்ப் பைக்குள் கையைவிட்டு எடுத்தேன். நாலு கற்கண்டு.

"ஓ, இதுதானா உங்க பாசம்?" என்று கத்தினேன். "பிள்ளைக்கு விஷத்தக் குடுக்கேளேப்பா!"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. சில நேரம் சர்க்கரை தாழ்ந்து கிறுகிறுப்பு வரும், அப்போது வாயில் போட்டுக்கொள்ள அவருடைய டாக்டர் சொல்லி வைத்திருக்கிற கற்கண்டு அது. எனக்கு இது தெரியும். அந்த நிமிஷம் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்பா நாலு கற்கண்டையும் என் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. "தாத்தா எங்கே?" என்று இவள் கேட்டபோதெல்லாம் கடையில் வேலை என்றேன்.

மூன்று மாதம் முடியப்போகிறது. டாக்டரைப் பார்க்கிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளுக்கு இந்த வழியும் இல்லை என்று சொல்லிவிட்டால்? உந்துவண்டியும் வராது என்றால் அப்புறம் எதில் கொண்டுபோவது? டயட்டீஷியனுக்கும் புரியவில்லை. போட்டோ எல்லாம் கண்ணாடி மாதிரி சரியாக இருக்கிறது. கடைசியில், "போட்டோ மட்டும் போதாது சேச்சி. ஒரு நாள் முழுக்க, நாலு நேரச் சாப்பாடும் வீடியோ எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றாள். என் கணவர் போனை அஞ்சறைப் பெட்டியில் சாய்த்து வைத்து எடுத்தார். எடுத்ததை நான் பார்க்கக்கூட இல்லை. என் கையை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் தன் கம்ப்யூட்டரில் வீடியோவை ஓடவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் எதிரே உட்கார்ந்திருந்தோம், மகள் அவள் அப்பா மடியில். டயட்டீஷியன் ஒரு தடவை பார்த்தாள். பின்னால் தள்ளி இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"சேச்சீ, ஈ கை ஆருடெயா?"

திரையில் தராசு ஒன்பது புள்ளி பூஜ்யம் காட்டுகிறது. போட்டோ எடுத்தாகிவிட்டது. கிண்ணம் தராசைவிட்டு மேலே வருகிறது. அப்போது ஒரு வலது கை, தன் பாட்டுக்கு நறுக்கின பீன்ஸ் குவியலுக்குப் போய், மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் திரும்புகிறது. அடுத்தது காரட், அதே கை, அதே சிட்டிகை. அரை முந்திரி அளந்த பிறகு ஓர் உடைசல். முட்டைக்கு அப்புறம் ஒரு விள்ளல். நாலு வேளையும் இதே கதை. இத்தனைக்கும் நான் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணாததற்காக இவரைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

"அது நானில்ல," என்றேன். என் வளையல் அந்தக் கையில் கிடக்கிறது, இருந்தாலும் சொன்னேன்.

மடியிலிருந்து என் மகள், இது கூடவா தெரியாது என்கிற முகத்தோடு டயட்டீஷியனைப் பார்த்துச் சொன்னாள்: "ஆன்ட்டி, அது கொசுறுல்லா! தாத்தா கடையில எல்லார்க்கும் கொடுக்கும். வீட்டுல அம்மா எனக்கு மட்டும் கொடுக்கும்."

டயட்டீஷியனுக்குக் கொசுறு என்றால் என்னவென்று தெரியாது. அளந்து முடித்ததும் வாங்குகிறவர் மனசு நிறைய மேலே ஒரு சிட்டிகை சும்மா போடுவது என்று என் கணவர் விளக்கினார். அவர் முகத்தில் சிரிப்பை அடக்குகிற பாடு தெரிந்தது. எங்கள் கடையில் தட்டு நேராக நின்றால் போதாது, வாங்குகிறவர் பக்கம் தாழ வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். கொசுறு போடாமல் பொட்டலம் மடித்தால் பத்து வயதில் எனக்குத் திட்டு விழும். என் கை அந்தச் சட்டத்தை மறக்கவில்லை, எனக்குத்தான் சொல்லவில்லை.

டயட்டீஷியன் ஒரு தாளை எடுத்து எல்லாச் சிட்டிகையையும் கூட்டிப் பார்த்தாள். ஒரு வேளைக்கு நாலைந்து பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை, நாலு வேளை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எண்ணெயில் உண்டோ இந்தக் கொசுறு?" என்று கேட்டாள்.

"எண்ணெயில யாரும்மா குடுப்பா? அளந்து ஊத்துறதோட சரி."

"எண்ணெயில் கொடுத்திருந்தால் ஞான் மிண்டாமல், வாய் திறக்காமல் இருந்திருப்பேன் சேச்சி!" என்று சொல்லி அவளே முதலில் சிரித்தாள். இவர் சிரித்தார், மகள் காரணம் தெரியாமல் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஊரில் உள்ளவர்கள் பையையெல்லாம் சோதித்தேனே, என் பிள்ளையின் மூளையைப் பட்டினி போட்டது என்னுடைய இந்தக் கைதானே. அதைவிட, அந்தச் சிட்டிகையை இவள் தினமும் கவனித்திருக்கிறாள். அம்மா எனக்கு மட்டும் கொடுக்கும் என்று எண்ணி வைத்திருக்கிறாள்.

டாக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "டயட் தோக்கல. கைதான் தோத்திருக்கு. மூணு மாசத்தை இன்னையிலிருந்து எண்ணுவோம்," என்றார். அந்த மனுஷர் காலில் விழாத குறைதான்.

மன்னிப்புக் கேட்கிற வேலை மிச்சம் இருந்தது. டீச்சர், "பரவாயில்லங்க," என்றார். ஆனால் இழுப்பறையை இப்போது பூட்டி வைத்திருக்கிறார். ஆட்டோ மாமன் எனக்கும் ஒரு யானை ஸ்டிக்கர் கொடுத்தார். அதை என் போனுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

அப்பாவைப் பார்க்க ஆரியசாலைக்கே போனேன். சில்லறைத் தராசில் யாருக்கோ வற்றல் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிறுத்தார். நான் எதிரே நின்றுகொண்டு வீடியோ கதை முழுவதையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்லவே அவர் கை பொட்டலத்தில் மேலே மூன்று மிளகாயைப் போட்டது. போட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்தார்.

"எனக்க கைதான் மக்களே ஒனக்கும் வந்திருக்கு," என்றார். "இத அந்த ரிப்போர்ட்ல எழுதல்லியா?"

"அப்பா, அண்ணைக்கு நான் பையில கைய விட்டது..."

"அதுக்கு நான் கோவப்படல்ல கேட்டியா. ஒனக்குப் பிள்ளையப் பத்தின பயம். எனக்கும் அதுதான். கற்கண்டு இல்லாம வந்து, அவளத் தூக்கி வச்சிருக்கும்போ எனக்குக் கிறுகிறுத்துதுன்னா? கற்கண்டோட வந்து, ஒண்ணு தவறிக் கீழ விழுந்து அவ எடுத்துட்டான்னா? ரெண்டும் யோசிச்சேன். அதான் வரல்ல."

நான் பத்து வயதில் உட்கார்ந்திருந்த அதே சாக்குமேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். மறுநாள் ஸிப் வைத்த ஒரு குட்டிப் பை வாங்கிக் கொடுத்தேன். கற்கண்டை அதில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா வந்தார். அவருக்கு முன்னாலேயே செய்தி திருநெல்வேலிக்குப் போய்விட்டது. என் கணவர் போனில், "சீக்கு எந்தப் பக்கமும் இல்ல. ஆனா கொசுறு அவங்க பக்கம்தான், வீடியோவே இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் காத்திருந்த சந்தோஷம் அவர்களுக்கு.

சரி, இந்தக் கையை என்ன செய்வது? பார்த்துப் பார்த்து அளந்தாலும் அசந்த நேரம் போட்டுவிடுகிறது. மறுபடி நகவெட்டிக்காரரிடம் அடுப்படியைக் கொடுக்கவும் மனசு வரவில்லை. கடைசியில் இடது கையால் அளப்பது என்று தீர்மானித்தேன். அதற்குக் கடை தெரியாது, தராசு தெரியாது, யாருக்கும் எதுவும் கொடுத்துப் பழக்கம் இல்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் துப்பட்டாவில் சுற்றிவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் நாள் ஐம்பது நிமிஷம் ஆயிற்று. இவர் நகவெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பிள்ளைக்கு இடங்கையால சோறு வைப்பாளா ஒருத்தி?" என்றார். தராசில் வைப்பது இடங்கை, ஊட்டுவது வலங்கை என்று பேசி முடித்தோம். என் மகள் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, "அம்மா, வலது கை எங்கே? காட்டு," என்று மேற்பார்வை பார்ப்பாள்.

இரண்டு நாள் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. மூன்றாம் நாள் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "கொசுறு எங்கே?" என்றாள்.

"அது போட்டா உந்துவண்டி வராது மக்களே," என்றேன்.

கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளினாள். "அப்போ வேற எதுலயாவது தா."

அன்றிலிருந்து என்னிடம் அவள் வசூலிக்கிற கொசுறுக்கு அளவே இல்லை. குளித்து முடித்த பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கொசுறு. சடை பின்னி முடித்தால் இன்னொரு ரிப்பன். கதை முடிந்து எல்லாரும் சுகமாக இருந்த பிறகும் ஒரு வரி, அந்த அரசனுக்கு ஜலதோஷம் பிடித்தது என்றாவது சொல்லியாக வேண்டும். ஆட்டோ மாமனிடமும் பேசிவைத்துவிட்டாள். வீட்டு வாசலில் இறங்குவதற்கு முன்னால் தெருமுனை வரை இன்னொரு சுற்று போக வேண்டும்.

எண் மெதுவாக ஏறியது. இரண்டரை ஆயிற்று, மூன்றைத் தொட்டது, தாண்டியது, நாலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. காலையில் கண் தெளிந்தது. கழுத்து நேராக நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. போன தடவை போன் போட்டுச் சொல்லிப் பட்டது போதாதா?

போன மாதம் ஒரு சாயங்காலம் அப்பா வந்திருந்தார். வாசலில் பிள்ளைகள் கட்டம் போட்டிருந்தார்கள். இவள் படியிலிருந்து எழுந்து போய் இடது காலை மடக்கினாள். நான் வாய்க்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. இரண்டில்தான் அன்று விழுந்தாள். மூன்று, நாலு. அஞ்சில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். நிமிர்ந்துகொண்டாள். ஆறு. ஏழு. எட்டு!

எட்டுக்கு அப்புறம் கட்டம் இல்லை, சாக்பீஸ் கோடு முடிந்துவிட்டது. பிள்ளைகள் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் காலைக் கீழே ஊன்றவில்லை. ஒற்றைக் காலிலேயே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே, வெறும் தரையில், இன்னும் ஒரு தடவை நொண்டினாள்.

"அம்மா, இது உனக்கு," என்றாள். "கொசுறு."

கூடாது, வேண்டாம் என்று சொல்ல அது பீன்ஸ் இல்லையே. வாங்கிக்கொண்டேன்.